தம்பியின் குணமா, தம்பியின் கையெழுத்தா?

கேள்வி: ஒரே வீட்டில் வளர்ந்தும் பண விஷயத்தில் நானும் என் தம்பியும் ஏணி வைத்தாலும் எட்டாது. நான் இதுவரை ஒரு ரூபாய் கடன் வாங்கியதில்லை. அவனுக்கு நாலு கடன். பைக் லோன், கிரெடிட் கார்டு பாக்கி, நண்பனின் அப்பாவுடைய ஆஸ்பத்திரிச் செலவுக்காக எடுத்த பெர்சனல் லோன், கூட வேலை பார்த்தவருக்கு ஜாமீன் போட்டு இப்போது இவன் தலையில் விழுந்திருக்கும் கடன். மாதக் கடைசியானால் என்னிடம் வந்து நிற்கிறான். பிறவிக் குணம், திருந்தாது என்று கைகழுவி விடலாமா?
ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: வேண்டாம். குணம் என்று தீர்ப்பு எழுதுவதற்கு முன்னால் நீங்கள் அனுப்பிய பட்டியலை நீங்களே இன்னொரு தடவை படியுங்கள். நாலில் இரண்டு அவர் தனக்காக வாங்கிய கடனே இல்லை. ஊதாரி வேறு, கேட்டவர் முகத்தைப் பார்த்து 'முடியாது' என்று சொல்ல வராதவர் வேறு. உங்கள் தம்பி இரண்டாவது ரகம் என்றுதான் எனக்குப் படுகிறது, அப்படிப்பட்டவரிடம் போய் ஹோட்டல் சாப்பாட்டைக் குறை, பட்ஜெட் போடு என்று வருஷம் முழுக்கச் சொன்னாலும் பத்து பைசா மிஞ்சாது.

இந்த ரகத்தை ஆய்வாளர்களும் பார்த்திருக்கிறார்கள். சாண்ட்ரா மாட்ஸ், ஜோ கிளாட்ஸ்டோன் இருவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், இணங்கிப் போகிற சுபாவக்காரர்களுக்குப் பணக் கஷ்டம் கூடுதலாக இருந்தது. பேரம் பேசத் தெரியாததால் அல்ல, பணத்தை அவர்கள் அவ்வளவு பெரிதாக மதிப்பதில்லை என்பதால். அதிலும் வருமானம் குறைந்தவர்களைத்தான் இது பலமாக அடித்தது. வசதி இருந்தால் அதே மனசு தாராளம் என்று பெயர் வாங்கும், இல்லாவிட்டால் கடன்காரன் என்று.

சுபாவம் பாதிதான், சூழ்நிலை மீதி. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் 464 கரும்பு விவசாயிகளிடம் நடத்தி 2013இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு ஒன்று உண்டு. அறுவடைக்கு முன்னால் கையில் காசில்லாமல் அல்லாடும்போது ஒரு தடவை, அறுவடை முடிந்து பணம் வந்தபின் ஒரு தடவை என்று அதே ஆட்களுக்கு அறிவுத்திறன் சோதனை வைத்தார்கள். பணம் வந்த பிறகு தேர்ச்சி கூடியிருந்தது. ஆள் அதே ஆள், குணமும் அதே குணம். ஆகவே 28ஆம் தேதி உங்கள் வாசலில் வந்து நிற்கிறவரை வைத்து உங்கள் தம்பியை எடை போடாதீர்கள். கடன் வாங்காத உங்கள் சுபாவம் நல்ல சுபாவம்தான், அதற்காக அவருடையது கெட்டது என்று ஆகிவிடாது.

சரி, என்ன செய்யலாம்? குணத்தை மாற்றப் பார்க்காமல் அதற்குத் தகுந்த ஏற்பாடு செய்யுங்கள். கையெழுத்துக் கேட்டு யார் வந்தாலும், "அக்காவைக் கேட்காமல் போடுவதில்லை என்று வீட்டில் வாக்குக் கொடுத்திருக்கிறேன்" என்று சொல்லச் சொல்லுங்கள். பழி உங்கள் மேல் விழட்டும், உங்களால் அதைத் தாங்க முடியும், அவரால் முடியாது. 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆவது பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் ஒழிய, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு பொறுப்பு. 'சும்மா ஒரு கையெழுத்துதானே' என்று கேட்கிறவர்கள் யாரும் இதைச் சொல்லமாட்டார்கள்.

அப்புறம், சம்பளம் வந்த மறுநாளே ஒரு தொகை தானாக ஆர்டி கணக்குக்குப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். கையில் இல்லாத காசை யாருக்கும் தூக்கிக் கொடுக்க முடியாது. அமெரிக்காவில் ரிச்சர்ட் தேலர், ஷ்லோமோ பெனார்ட்ஸி என்ற பொருளாதார ஆய்வாளர்கள் இருவரும் ஒரு கம்பெனி ஊழியர்களிடம், அடுத்த சம்பள உயர்விலிருந்து சேமிப்பைக் கூட்டிக்கொள்ள முன்கூட்டியே சம்மதம் வாங்கினார்கள். சம்மதித்தவர்களின் சேமிப்பு 40 மாதத்தில் சம்பளத்தில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமானது. யாருடைய சுபாவத்தையும் அவர்கள் திருத்தவில்லை.

நீங்கள் உதவுவதாக இருந்தால் மாதக் கடைசியில் கையில் பணமாகக் கொடுக்காதீர்கள், அது எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். கிரெடிட் கார்டு பாக்கியை நேராகக் கட்டிவிடுங்கள், பல கார்டுகளில் மாத வட்டியே 3 சதவீதத்தைத் தாண்டுகிறது, இருப்பதிலேயே கொடியது அதுதான்.

கடைசியாக ஒன்று. ஜாமீன்தாரர் முறைப்படி கட்டிய பணத்தைக் கடன் வாங்கியவரிடமிருந்து திரும்பப் பெற அதே சட்டத்தின் 145ஆவது பிரிவில் உரிமை உண்டு. தம்பி கேட்கமாட்டார், சங்கடப்படுவார். கட்டிய ரசீதுகளை வாங்கி நீங்கள் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள், ஒரு வக்கீலைப் பார்த்து அந்த ஆளுக்கு நோட்டீஸ் அனுப்பச் சொல்லுங்கள். கண்டிப்பாகக் காசு கேட்கிற சுபாவம் உங்களுக்கு இருக்கிறது.