ஹேண்டில்பாரா, ஸ்டியரிங்கா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பைக்கையும் ஸ்போர்ட்ஸ் காரையும் பற்றியவை. அதனால் மைலேஜ், இன்சூரன்ஸ் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சின்ன வயதிலிருந்து பைக்தான் ஓட்டுகிறேன். பனியன் தொழிலில் இப்போது கொஞ்சம் கை நிமிர்ந்திருக்கிறது. பெரிய பைக் வாங்கலாமா, செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாமா? உண்மையான த்ரில் எதில் இருக்கிறது? – திருப்பூர் வாசகர்

பதில்: நீங்கள் கேட்டது த்ரில். சர்வீஸ் செலவு, மறுவிற்பனை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுச் சொல்கிறேன்: பைக்கில்தான். கோவையில் ஒர்க்‌ஷாப் வைத்து இரண்டையும் பிரித்து மாட்டுகிறவன், செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் இரண்டையும் ஓட்டிப் பார்க்கிறவன் என்ற முறையில் எனக்கு இதில் சந்தேகமே கிடையாது. ஆனால் வேகம் அதற்குக் காரணம் இல்லை.

வளைவில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கார் இடப்பக்கம் திரும்பினால் உடம்பு வலப்பக்கம் இழுபடும். பின்சீட்டில் இருக்கிற அம்மா உடனே மேலே இருக்கிற கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார். பைக்கில் யாரும் அப்படி இழுபடுவதில்லை. வண்டி சாய்கிறது, கூடவே நாமும் சாய்கிறோம். வெளியே தள்ளுகிற விசையும் பூமியின் இழுப்பும் ஒன்றாகச் சேர்ந்து முதுகுத்தண்டு வழியாக நேராக சீட்டில் இறங்குகின்றன. உடம்பு கனக்கும், ஆனால் எந்தப் பக்கமும் சரியாது. கண்ணுக்கு எதிரே ரோடும் மரமும் சாய்ந்து கிடக்கின்றன; உடம்போ ‘நான் நேராகத்தான் உட்கார்ந்திருக்கிறேன்’ என்கிறது. கண்ணும் உடம்பும் இப்படி ஆளுக்கொன்று சொல்கிற அந்தச் சில நொடிகளுக்காகத்தான் மனிதர்கள் விடியற்காலையில் எழுந்து மலை ஏறுகிறார்கள். எத்தனை கோடி போட்டாலும் காரில் அது கிடைக்காது.

இதற்கு வேகம் வேண்டும் என்று நினைக்காதீர்கள். 10 மீட்டர் ஆரமுள்ள ஒரு கொண்டை ஊசி வளைவை மணிக்கு 27 கிலோமீட்டரில் எடுத்தாலே பைக் கிட்டத்தட்ட 30 டிகிரி சாய்ந்தாக வேண்டும். டவுன் பஸ் வேகம்! முப்பது டிகிரியில் ஓட்டுகிறவருக்குத் தரை எவ்வளவு பக்கத்தில் தெரியும் என்று சாய்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று, பைக்கை நாம் திருப்புகிற விதம். இடப்பக்கம் போக வேண்டுமானால் இடது ஹேண்டிலை முன்னால் தள்ள வேண்டும். அதாவது, சக்கரம் ஒரு கணம் எதிர்ப்பக்கம் திரும்பும், வண்டி இடப்பக்கம் சாயும், அப்புறம்தான் திரும்பும். சைக்கிள் கற்ற நாளிலிருந்து நம் கை இதைச் செய்கிறது, நமக்குத்தான் தெரிவதில்லை. விமானம் செய்த ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். அண்ணன் வில்பர், சைக்கிள் ஓட்டுகிற பலரிடம் ‘எப்படித் திருப்புகிறீர்கள்’ என்று கேட்டுப் பார்த்து, யாருமே முதல் தடவையில் சரியாகச் சொல்லவில்லையே என்று வியந்திருக்கிறார். இதைத் தெரிந்துகொண்டு, வேண்டுமென்றே இடது கையால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். நூறு கிலோவுக்கு மேலான இரும்பு சொன்ன பேச்சைக் கேட்டு உடனே சாயும்.

சரி, ஸ்போர்ட்ஸ் காரில் த்ரில்லே இல்லையா? உண்டு, வேறு இடத்தில் இருக்கிறது. டயர் பிடியை விடுகிற எல்லையில் இருக்கிறது. பின்சக்கரம் இழுக்கிற நல்ல காரில், வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் விட்டால் பாரம் முன்னால் வந்து மூக்கு உள்ளே திரும்பும். கொஞ்சம் மிதித்தால் பின்பக்கம் வெளியே வழுக்கும். ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து அதைப் பிடித்து நிறுத்தலாம். நாலு சக்கரம் இருப்பதால் எல்லையைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வர முடிகிறது. பைக்கில் முன்சக்கரம் அந்த எல்லையைத் தாண்டினால் பெரும்பாலும் தரைதான். அதனால்தான் கார் ஓட்டுவதில் ஒரு விளையாட்டு இருக்கிறது, பைக்கில் இருப்பது வேறு வகையான கவனம்.

ஆனால் அந்த கார் எல்லை அவிநாசி ரோட்டில் எந்த வேகத்தில் வரும்? வரக்கூடாத வேகத்தில் வரும். நல்ல டயர் போட்ட ஸ்போர்ட்ஸ் காரை ரோட்டில் ஓட்டுகிறவர், அதன் திறமையில் கால்வாசியைக் கூடத் தொடாமல், சத்தத்தையும் அடுத்தவர் பார்வையையும் மட்டும் அனுபவித்துவிட்டு வீட்டுக்கு வருகிறார். காரில் ஆசை இருந்தால் டிராக்குக்குப் போங்கள், அதுவும் எடை குறைந்த காரில். எங்கள் கோவைக்காரர் கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை சீட் ரேஸ் கார் செய்தார். அவர் பெயரில்தான் எங்கள் டிராக். தரையை ஒட்டி உட்கார்ந்து, கூரை இல்லாமல், அந்தச் சின்ன இன்ஜினோடு ஒரு வளைவை எடுப்பதில் இருக்கிற கிளர்ச்சி, ஏசி போட்டுக்கொண்டு ஐநூறு குதிரைசக்தி காரில் போவதில் கிடையாது.

பைக்கிலும் பெரிதாகப் போக வேண்டாம். ஆயிரம் சிசி சூப்பர்பைக் முதல் கியரிலேயே 100-ஐத் தாண்டிவிடும், மீதி ஐந்து கியர் எதற்கு? 400-க்கும் 650-க்கும் நடுவே பாருங்கள். சென்னைப் பக்கம் தயாராகிற ராயல் என்ஃபீல்டு கான்டினென்டல் ஜிடி 650-இல் இரட்டை சிலிண்டர், 47 குதிரைசக்தி. நம் ரோட்டுக்கு அது தாராளம்.

கேள்வி: சிக்னலில் பைக்தான் காரை முந்துகிறது. ஆனால் ரேஸ் டிராக்கில் கார்தான் வேகம் என்கிறார்களே, எப்படி? – பொறியியல் மாணவர், திருச்சி

பதில்: முதல் பாதி சுலபம், எடைதான் காரணம். கேடிஎம் டியூக் 390-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 46 குதிரைசக்தி, எடை சுமார் 168 கிலோ. எழுபது கிலோ ஆள் உட்கார்ந்தால் 238. இதே விகிதம் ஒன்றரை டன் காருக்கு வேண்டுமானால் இன்ஜினில் ஏறத்தாழ 300 குதிரைசக்தி இருக்க வேண்டும். அப்படிப்பட்ட கார் நம் ஊரில் பெரும்பாலும் அரைக் கோடியைத் தாண்டும்.

இரண்டாவது பாதிதான் ருசியானது. அமெரிக்காவில் ஆஸ்டின் நகரத்து டிராக், 5.513 கிலோமீட்டர், 20 வளைவுகள். பைக் உலகப் போட்டியான மோட்டோஜிபியும் கார் உலகப் போட்டியான ஃபார்முலா 1-ம் அதே பாதையில்தான் ஓடுகின்றன. 2024 தகுதிச் சுற்றில் பைக்கில் மாவரிக் வின்யாலெஸ் எடுத்த நேரம் 2 நிமிடம் 0.864 நொடி. காரில் லாண்டோ நாரிஸ் 1 நிமிடம் 32.330. இருபத்தெட்டு நொடிக்கு மேல் வித்தியாசம்! நேர்ப்பாதையில் பைக் சளைத்ததில்லை. 2023-இல் இத்தாலியின் முஜெல்லோவில் பிராட் பைண்டர் மணிக்கு 366.1 கிலோமீட்டரைத் தொட்டார். ஆக, அந்த நொடிகள் போவது பிரேக்கிலும் வளைவிலும்.

பைக் உயரமானது, நீளம் குறைந்தது. முன்பிரேக்கை இறுக்கினால் பின்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும். டயரில் இன்னும் பிடி மிச்சம் இருந்தாலும் அதற்கு மேல் பிரேக் பிடிக்க முடியாது. கார் அப்படிக் கவிழாது. வளைவில் பைக்குக்குக் கணக்கு எளிது: 45 டிகிரி சாய்ந்தால் பக்கவாட்டு விசை புவியீர்ப்புக்குச் சமம், அதாவது 1 ஜி. மோட்டோஜிபிக்காரர்கள் 60 டிகிரியைத் தாண்டிச் சாய்ந்து, முழங்கையைத் தரையில் உரசுகிறார்கள். ஃபார்முலா 1 காரை இறக்கைகளும் அடித்தட்டும் காற்றை வைத்தே தரையோடு அழுத்துகின்றன. வேகம் கூடக் கூட அழுத்தம் கூடும், பிடியும் கூடும். வேகமான வளைவுகளில் 5 ஜி வரை போகும். சாய்கிற வண்டிக்கு அப்படி இறக்கை வைத்து அழுத்த முடியாது, ஏனென்றால் அழுத்தம் சாய்ந்த பக்கமாகப் போய்விடும்.

கடிகாரத்தில் கார் ஜெயிக்கிறது என்பதால் த்ரில்லிலும் ஜெயித்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள் தம்பி. 2024 விதிப்படி 798 கிலோ இருந்த காரில் கட்டிப்போட்டு உட்கார்ந்திருக்கிறவருக்கு ஒரு வேலை. 157 கிலோ பைக்கில் ஒவ்வொரு வளைவுக்கும் சீட்டின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு உடம்பையே மாற்றிப் போடுகிறவருக்கு வேறு வேலை.

கேள்வி: இரண்டிலும் ஜெயித்தவர் யாராவது உண்டா? – ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: உலகப் பட்டம் என்றால் ஒரே ஒருவர்: இங்கிலாந்தின் ஜான் சர்ட்டீஸ். பைக்கில் ஏழு உலகப் பட்டங்கள். அப்புறம் காருக்கு மாறி 1964-இல் ஃபெராரியில் ஃபார்முலா 1 பட்டம். இன்றுவரை வேறு யாரும் செய்யவில்லை.

எனக்கு மனதுக்கு நெருக்கமானவர் மைக் ஹெயில்வுட். பைக்கில் ஒன்பது பட்டம் வாங்கியவர், காரில் அந்த உயரத்துக்குப் போகவில்லை. ஆனால் 1973-இல் தென்னாப்பிரிக்காவின் கயாலமி டிராக்கில், தீப்பிடித்த காரில் மாட்டிக்கொண்ட சக ஓட்டுநர் கிளே ரெகசோனியை, தன் உடையிலும் தீப்பற்றிய பிறகு மறுபடியும் உள்ளே போய் வெளியே இழுத்தார். அதற்காக அவருக்கு, வீரச் செயலுக்கான பிரிட்டிஷ் விருதான ஜார்ஜ் மெடல் கொடுத்தார்கள். ஐந்து வருடம் கழித்து, ஊர் ரோட்டிலேயே பைக் ரேஸ் நடக்கிற ஐல் ஆஃப் மேன் தீவுக்குத் திரும்பிப் போய், டுகாட்டி பைக்கில் ஜெயித்தார். 60 கிலோமீட்டர் சுற்று, இருநூறுக்கு மேல் வளைவு, இரு பக்கமும் கல் சுவர். காரில் அவ்வளவு பார்த்தவர் திரும்பிப் போனது அங்கேதான்.

மைக்கேல் ஷூமாக்கரும் 2006-இல் ஓய்வு பெற்ற பிறகு பைக் ரேஸுக்குத்தான் போனார். 2009 பிப்ரவரியில் ஸ்பெயினில் விழுந்து கழுத்தில் அடி. அந்த வருடம் காயமடைந்த ஓட்டுநர் ஃபெலிப்பே மாசாவுக்குப் பதிலாக ஃபெராரியில் ஓட்ட அழைத்தபோது அந்தக் கழுத்துதான் தடுத்தது. ஏழு முறை ஃபார்முலா 1 பட்டம் வாங்கியவருக்கு ரேஸ் காரில் கிடைக்காத ஏதோ ஒன்று பைக்கில் கிடைத்திருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: கூரை இல்லாத கார் வாங்கினால் பைக் சுகம் வந்துவிடுமா? – கோயம்புத்தூர் வாசகர்

பதில்: காற்று வரும். சாய்வு வராது.

கேள்வி: கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கிற என் மகன் 390 சிசி பைக் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். எனக்கு பயம். அதற்குப் பதில் கொஞ்சம் வேகமான கார் ஒன்றை வாங்கிக் கொடுத்தால் ஆசை அடங்கிவிடுமா? – கரூர் வாசகி

பதில்: அம்மா, உங்கள் பயம் நியாயமானது. அதை ‘பழகிவிடும்’ என்று நான் தட்டிக்கழிக்க மாட்டேன். 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் கிட்டத்தட்ட 45 சதவீதம் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். இவ்வளவு நேரம் பைக்கைப் புகழ்ந்தவன் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கார் வாங்கிக் கொடுத்தால் ஆசை அடங்காது. காருக்குள் வேகம் தெரியாது. எண்பதில் போகிறபோது கண்ணாடியை ஏற்றி பாட்டுப் போட்டால் நாற்பதில் போகிற மாதிரி இருக்கும். பிள்ளை த்ரில்லைத் தேடி நூற்று நாற்பதுக்குப் போவான், கூடவே மூன்று நண்பர்களும் இருப்பார்கள். என்னைக் கேட்டால் அது இன்னும் பயம்.

நான் சொல்கிற வழி இது. முதலில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி நின்றுவிடாமல் தடுக்கிற அமைப்பு) உள்ள 150 அல்லது 160 சிசி பைக், ஒரு வருடம். 125 சிசிக்கு மேல் 2019 ஏப்ரலிலிருந்து ஏபிஎஸ் கட்டாயம் என்பதால், அதற்குப் பிந்தைய வண்டியாகப் பாருங்கள். ஐஎஸ்ஐ முத்திரையுள்ள, தாடை வரை மூடுகிற ஹெல்மெட், கையுறை, தோளிலும் முழங்கையிலும் பேட் வைத்த ஜாக்கெட், கணுக்காலை மூடுகிற ஷூ. இந்தச் செலவை வண்டி விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். ஹெல்மெட்டுக்குப் பட்டை போடாதவனுக்குச் சாவி கிடையாது. அப்புறம் அவனை டிராக்குக்கு அனுப்புங்கள். சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 3.717 கிலோமீட்டர் டிராக் இருக்கிறது. கலிபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல் அங்கே வந்து வகுப்பு நடத்தியிருக்கிறது. எதிரே லாரி வராத, நாய் குறுக்கே ஓடாத ரோட்டில், சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கிற இடத்தில் சாய்ந்து பழகிய பையன், பைபாஸில் வீரம் காட்டுவது குறையும். என்னிடம் வருகிற பையன்களிடம் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து கொல்லிமலை போகிறோம். பைக்கா, காரா? – நாமக்கல் வாசகர்

பதில்: மழை இல்லையென்றால் பைக். காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். நான் மேலே சொன்ன 27 கிலோமீட்டர் கணக்கை நீங்களே சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை.

சில விஷயம் மட்டும். வளைவுக்கு முன்பே பிரேக்கும் கியரும் முடிந்திருக்க வேண்டும். சாய்ந்த பிறகு முன்பிரேக்கைத் தொடாதீர்கள். கண் சக்கரத்துக்கு முன்னால் இருக்கிற தாரில் நிற்கக் கூடாது, வளைவு முடிகிற இடத்தைப் பார்க்க வேண்டும், வண்டி கண் போகிற பக்கம் போகும். வளைவின் வெளி ஓரத்தில் மழைத் தண்ணீர் அடித்து வந்த பொடிக்கல் குவிந்திருக்கும். கார் அதில் கொஞ்சம் வழுக்கி நின்றுவிடும், சாய்ந்த பைக் நிற்காது. பஸ் ஒவ்வொரு வளைவிலும் முழு ரோட்டையும் எடுத்துக்கொள்ளும், அதற்கு வேறு வழி கிடையாது. ஹாரன் சத்தம் கேட்டால் முன்கூட்டியே ஒதுங்கி நின்றுவிடுங்கள். இறங்கும்போது ஏறுகிற வண்டிக்கு வழிவிடுங்கள், இரண்டாம் கியரை விட்டு மேலே போகாமல் இன்ஜினையே பிரேக்காக வைத்துக்கொண்டு இறங்குங்கள். சோளக்காடு சந்தையில் அன்னாசியும் மிளகும் வாங்குவதாக இருந்தால் யாராவது ஒருவர் காரில் வரட்டும், பைக்கில் பின்னால் மூட்டை கட்டிக்கொண்டு அந்த வளைவுகளில் இறங்க வேண்டாம்.