ஸ்பெயினின் ஜிரோனாவில் ஒரு வாரம் ரோடு பைக் (தார்ச்சாலையில் ஓட்டுகிற வேக சைக்கிள்) ஓட்டப் போகிறேன், எந்தப் பாதைகளில் போகலாம்?

கேள்வியில் நீங்கள் சொன்னது இவ்வளவு: ஏப்ரலில் ஒரு வாரம், வாடகை ரோடு பைக், ஒரு நாளைக்கு 60 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டுகிற தெம்பு உண்டு, மலை ஏறிப் பழக்கம் குறைவு, ஆனால் ரோகாகோர்பா என்கிற புகழ்பெற்ற மலை ஏற்றத்தை மட்டும் விடக்கூடாது. நான் பார்சலோனாவில் வேலை பார்க்கிறேன், வார இறுதியில் சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு ஜிரோனா பக்கம் போய்விடுகிற ஆள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ரோகாகோர்பாவைச் சுற்றி வாரத்தைத் திட்டமிடாதீர்கள். ஜிரோனாவின் அருமை அந்த ஏற்றத்தில் இல்லை. ஒரு கிராமத்திலிருந்து அடுத்த கிராமத்துக்குப் போகிற, கார் அபூர்வமாக வருகிற, நடுக்கோடுகூடப் போடாத சின்னச் சாலைகளில் இருக்கிறது.

தொழில்முறை வீரர்கள் இந்த ஊரில் வந்து குடியேறியதற்கும் அதுதான் காரணம். ஊரிலிருந்து பத்து நிமிடம் மிதித்தால் போக்குவரத்து முடிந்துவிடும், கிழக்கே கடல், வடமேற்கே எரிமலை நாடு, வடக்கே பிரனீஸ் மலை, பக்கத்திலேயே விமான நிலையம். அமெரிக்க சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் 2000-களின் தொடக்கத்தில் இங்கேதான் வீடு வைத்திருந்தார், அவருடைய அணியினரும் பலர் இருந்தார்கள். அவருடைய டூர் தெ பிரான்ஸ் பட்டங்களை ஊக்கமருந்து விவகாரத்தில் 2012-ல் பறித்துவிட்டார்கள், ஊர் மட்டும் சைக்கிள் ஊராகவே நின்றுவிட்டது. இன்றைக்கும் காலை ஒன்பது பத்து மணிக்கு ஓன்யார் ஆற்றுப் பாலத்துப் பக்கம் நின்றால் டிவியில் பார்த்த ஜெர்சிகள் சாதாரணமாகக் கடந்து போகும். அவர்கள் பின்னால் ஒட்டிக்கொண்டு போக ஆசைப்படாதீர்கள், முதல் ஏற்றத்திலேயே காணாமல் போய்விடுவார்கள்.

முதல் நாள் எல்ஸ் ஆன்ஜல்ஸ் போங்கள். பழைய நகரத்தின் பின்புறமாகவே ஏற்றம் தொடங்கிவிடும், சுமார் பத்து கிலோமீட்டர், சராசரி நான்கு சதவீதம் போல. மலை ஏறிப் பழகாதவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது, ஏனென்றால் எங்கேயும் மூச்சை நிறுத்துகிற சரிவு இல்லை, ஓக் காட்டுக்குள் வளைந்து வளைந்து போகும், ஒரே தாளத்தில் மிதித்துக்கொண்டே இருக்கலாம். மேலே 485 மீட்டரில் ஒரு மாதா கோயில் இருக்கிறது. ஓவியர் சால்வதோர் தாலியும் அவர் மனைவி காலாவும் 1958 ஆகஸ்டில் தேவாலயத் திருமணம் செய்துகொண்டது அங்கேதான். வானம் தெளிவாக இருந்தால் ஒரு பக்கம் கடலும் இன்னொரு பக்கம் பனி மூடிய பிரனீஸும் தெரியும்.

அப்புறம் வந்த வழியே திரும்பாமல் அந்தப் பக்கம் மாத்ரெமான்யாவுக்கு இறங்குங்கள். அங்கிருந்து மோனெல்ஸ். கல் வளைவுகள் சூழ்ந்த பழைய சந்தைச் சதுக்கம், காபிக்கு நிறுத்த அதுதான் இடம். பிறகு க்ருயில்யெஸ் வழியாக சான்தா பெலாயா என்ற சின்ன ஏற்றத்தைத் தாண்டி காசா தே லா செல்வா என்ற ஊருக்கு இறங்கி ஜிரோனா திரும்பினால் மொத்தம் 50, 55 கிலோமீட்டர்தான் வரும். என்னைக் கேட்டால் ஜிரோனாவின் மொத்தக் குணமும் இந்த ஒரு சுற்றிலேயே இருக்கிறது. மழை வந்து வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் ஓட்ட முடிந்தது என்றால்கூட இதைத்தான் சொல்வேன்.

எம்போர்தா சமவெளிக்கு ஒரு முழு நாள் வைத்துக்கொள்ளுங்கள். பெரதாயாடா, பால்ஸ், உயாஸ்ட்ரெட் என்று கல்லால் கட்டிய இடைக்கால ஊர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பெரதாயாடாவின் அகழியைப் பாறையையே குடைந்து வெட்டியிருக்கிறார்கள், உயாஸ்ட்ரெட்டில் ரோமானியர்களுக்கும் முந்தைய ஐபீரிய மக்களின் மதில் சுவர் இன்னும் நிற்கிறது. பால்ஸ் பக்கம் நெல் வயல் இருக்கிறது, ஸ்பெயினில் நெல்லா என்று வண்டியை நிறுத்திப் பார்ப்பீர்கள். தேர் ஆற்றை ஒட்டி ஆப்பிள் தோட்டங்கள், ஏப்ரலில் பூ விட்டிருக்கும். ஏற்றம் குறைவு, ஆகவே 90 கிலோமீட்டர்கூடச் சுலபம் என்று தோன்றும், ஆனால் இங்கே மலைக்குப் பதிலாகக் காற்று இருக்கிறது. வடக்கிலிருந்து அடிக்கிற அந்தக் காற்றுக்கு ட்ரமுன்டானா என்று பெயர், மோசமான நாளில் மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டும். முந்தைய இரவே காற்று நிலவரம் பாருங்கள். மிதமாக வீசினால் முதல் பாதியில் வடக்கே போய் எதிர்காற்றை வாங்கிவிட்டு, களைத்த பிறகு அது பின்னாலிருந்து தள்ளத் திரும்பி வருகிற மாதிரி சுற்றை அமைத்துக்கொள்ளுங்கள். பலமாக அடிக்கும் என்று போட்டிருந்தால் அந்த நாளைத் தெற்கே காட்டுப் பக்கம் மாற்றிவிடுங்கள், உயரமான விளிம்புள்ள கார்பன் சக்கரத்தோடு திறந்த வெளியில் பக்கக்காற்று வாங்குவது விளையாட்டில்லை.

கடற்கரைச் சாலை பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். டோசா தே மார் முதல் சான்ட் ஃபெலியு தே கிசோல்ஸ் வரை 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், 365 வளைவு என்று ஊரில் சொல்வார்கள், நான் எண்ணவில்லை. பாறைக்கும் கடலுக்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். டோசாவிலிருந்து வடக்கு நோக்கி ஓட்டுங்கள், அப்போதுதான் கடல் உங்கள் பக்கம் இருக்கும், ஏனென்றால் ஸ்பெயினில் சாலையின் வலது பக்கம் ஓட்ட வேண்டும். யாகோஸ்டேரா வழியாகப் போய் சான்ட் கிராவ் ஏற்றத்தைத் தாண்டிக் கடற்கரையைத் தொடலாம், அந்த ஏற்றம் மட்டும் கொஞ்சம் கடிக்கும். வார நாளில் காலையிலேயே போங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தச் சாலை மோட்டார் சைக்கிள்காரர்களுடையது.

எனக்குப் பிடித்த நாள் எது என்றால் கரோட்சா என்கிற எரிமலைப் பகுதிக்குப் போகிற நாள்தான். பான்யோலெஸிலிருந்து மியெரெஸ், சான்தா பாவ் வழியாக ஓலோட் போகிற சாலை. இந்தப் பகுதியில் சுமார் நாற்பது எரிமலைக் கூம்புகள் இருக்கின்றன, எல்லாம் காடு மூடி வட்டமாகப் பச்சையாக நிற்கும், சொன்னால்தான் எரிமலை என்று தெரியும். சான்தா பாவைத் தாண்டினால் ஃபஜேடா தென் ஜோர்தா என்கிற பீச் மரக்காடு. பழைய எரிமலைக் குழம்பு உறைந்த மேட்டுக்கு மேலேயே வளர்ந்திருக்கிறது, ஏப்ரல் கடைசியில் புது இலை விட்டு வெளிச்சமே பச்சையாகிவிடும். சான்தா பாவில் ஒரு சின்ன வெள்ளை பீன்ஸ் விளைகிறது, உள்ளூர் சாசேஜோடு தட்டில் போட்டுத் தருவார்கள், சைவம் என்றால் சாசேஜ் இல்லாமல் கேளுங்கள். ஓலோட்டிலிருந்து லெஸ் ப்ளானெஸ் வந்து, அங்கிருந்து யேமெனா பள்ளத்தாக்கு வழியாக சான்ட் கிரகோரி இறங்கி ஊருக்குள் வரலாம். முழுச் சுற்று நூறைத் தாண்டிவிடும். முடியாது என்றால் யேமெனாவை மட்டும் தனியாக ஓட்டுங்கள், போகும்போது பள்ளத்தாக்கு, வரும்போது ஆமெர், ஆங்லெஸ் என்று 70, 80 கிலோமீட்டரில் முடியும். ஆமெர் பக்கம் பெரிய சாலையில் லாரி வரும், அந்த ஒரு துண்டுதான் பிடிக்காது. பழைய ரயில் பாதையைச் சைக்கிள் பாதையாக்கி ஓலோட்டிலிருந்து ஜிரோனா வரை 54 கிலோமீட்டர் விட்டிருக்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் மண்தான். 28 மில்லிமீட்டர் டயர் என்றால் காய்ந்த நாளில் ஓரளவு சமாளிக்கலாம், மழைக்குப் பிறகு வேண்டாம். பெசாலுவின் பழைய பாலத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பான்யோலெஸுக்கு வடக்கே போகிற இன்னொரு நாளில் சேர்த்துக்கொள்ளுங்கள், இதே நாளில் திணிக்காதீர்கள்.

சரி, ரோகாகோர்பா. பான்யோலெஸ் ஏரியிலிருந்து தொடங்குவார்கள், 1992 ஒலிம்பிக்கில் படகுப் போட்டி நடந்த ஏரி அது. அங்கிருந்து உச்சியில் இருக்கிற ஆன்டெனா கோபுரங்கள் வரை பதின்மூன்று, பதினான்கு கிலோமீட்டர், கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் உயரத்துக்குப் போவீர்கள். முதலில் மெதுவாகத்தான் ஏறும், நடுவில் கொஞ்சம் இறங்கக்கூடச் செய்யும், அதை நம்பிக் காலைச் செலவழித்தால் மேல் பகுதியில் பத்து சதவீதத்துக்கு மேலான சரிவுகளில் வசூல் செய்துவிடும். சாலை அங்கேயே முடிந்துவிடும், கடை கிடையாது, வந்த வழியே இறங்க வேண்டும், குறுகல், எதிரே மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிறவர்கள். வீரர்கள் தங்கள் உடல்நிலையை அளந்து பார்க்கப் பயன்படுத்திய ஏற்றம் என்பதால்தான் இவ்வளவு புகழ், அழகு என்று பார்த்தால் காட்டுக்குள் போகிற இன்னொரு ஏற்றம் அவ்வளவே. மேலே பாராகிளைடர்கள் குதிக்கிற இடத்திலிருந்து ஏரி தெரிவது மட்டும் உண்மையிலேயே நன்றாக இருக்கும். ஓட்டியதைப் பதிவு செய்கிற ஸ்ட்ராவா செயலியில் அந்தப் பெயர் வேண்டும் என்றால் போங்கள், நானும் போயிருக்கிறேன், யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் ஐந்தாவது அல்லது ஆறாவது நாளாக வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு முதல் நாள் சும்மா பழைய நகரத்தில் நடந்து, சூசோ என்கிற கிரீம் நிரப்பிப் பொரித்த பலகாரத்தைத் தின்றுவிட்டுப் படுத்துவிடுங்கள். இதைவிட உயரமான, இதைவிட நல்ல காட்சி தருகிற ஏற்றம் வேண்டுமென்றால் பெசாலுவுக்கு மேலே மாரே தே தேவு தெல் மோன்ட் இருக்கிறது, 1100 மீட்டருக்கு மேல், ஆனால் மலைப் பழக்கம் இல்லாதவருக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

சில நடைமுறை விஷயங்கள். நம் ஊரில் இடது பக்கம் ஓட்டிப் பழகியவர்களுக்கு நேர்ச்சாலையில் சிக்கல் வராது, காபிக்கு நின்றுவிட்டுக் கிளம்பும்போதும் ரவுண்டானாவில் நுழையும்போதும்தான் கை தானாக இடதுபுறம் போகும், அங்கே மட்டும் ஒரு விநாடி யோசியுங்கள். ஊருக்கு வெளியே ஹெல்மெட் கட்டாயம். கார்கள் உங்களைத் தாண்டும்போது குறைந்தது ஒன்றரை மீட்டர் இடம் விட வேண்டும் என்பது சட்டம், அதற்காகத் தொடர்கோட்டைத் தாண்டவும் அவர்களுக்கு அனுமதி உண்டு, அநேகமாக எல்லோரும் பொறுமையாகவே பின்னால் வருவார்கள். இருவர் பக்கம் பக்கமாக ஓட்டலாம். சாராய அளவுச் சட்டம் சைக்கிளுக்கும் பொருந்தும், மதிய உணவோடு கேட்காமலேயே வைன் வைப்பார்கள் என்பதால் சொல்கிறேன்.

கிராமத்து நீரூற்றுகளில் பாட்டில் நிரப்பலாம், ‘நோ பொட்டாப்லே’ என்று எழுதியிருந்தால் குடிக்காதீர்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் சின்ன ஊர்களில் கடைகள் சாத்திவிடும், ஞாயிறு இன்னும் மோசம், பையில் எப்போதும் ஏதாவது வைத்திருங்கள். பார்சலோனாவிலிருந்து அதிவேக ரயிலில் நாற்பது நிமிடத்துக்குள் வந்துவிடலாம், ஆனால் அதில் சைக்கிளைக் கழற்றிப் பையில் போட்டால்தான் விடுவார்கள். வட்டார ரயிலில் அப்படியே ஏற்றலாம், நேரம்தான் கிட்டத்தட்ட இரட்டிப்பு.

வாடகை வண்டியை இப்போதே பதிவு செய்யுங்கள், ஏப்ரலில் உங்கள் அளவு கிடைக்காமல் போகும். பின்சக்கரத்துப் பெரிய பல்சக்கரத்தில் 32 பல்லாவது இருக்கிற கியர் கேளுங்கள், ஏற்றத்தில் மிதிக்க லேசாக இருக்கும், 34 இருந்தால் இன்னும் நல்லது. பெடலையும் ஷூவையும் நீங்களே கொண்டுபோங்கள், சேடில் உயரத்தை மில்லிமீட்டரில் எழுதி முன்கூட்டியே அனுப்பிவிட்டால் வண்டியை எடுத்த அரை மணியில் எல்ஸ் ஆன்ஜல்ஸ் சாலையில் இருக்கலாம்.