கிறிஸ்தவர் அல்லாத பிள்ளையைக் கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியில் சேர்க்கலாமா? அங்கே நம்பிக்கை வாழ்வும் கூட்டு வாழ்வும் எப்படி இருக்கும்?

வீட்டுக்கு அருகில் இருக்கும் ஆர்.சி. தொடக்கப் பள்ளியில் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க நினைப்பதாகவும், தாங்கள் கிறிஸ்தவர்கள் அல்லர் என்பதால் அங்கே மதம் எந்த அளவுக்கு இருக்கும், பிள்ளை ஒதுக்கப்படுவாளா என்று தயங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான் 1991 முதல் 2022 வரை கன்னியாகுமரி மாவட்டத்தில் அரசு உதவி பெறும் கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளிகளில் ஆசிரியையாக இருந்தவள்; அந்த ஆண்டுகளில் பெரும்பகுதியைக் கடற்கரை ஊர் ஒன்றின் பள்ளியில் கழித்தேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி எங்கள் மாவட்டத்தில் ஏறத்தாழ 47 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். அதனால் எங்கள் பள்ளியில் கத்தோலிக்கப் பிள்ளைகளே அதிகம். ஆயினும் வகுப்புக்கு ஏழெட்டு இந்துப் பிள்ளைகளும் ஓரிரு இஸ்லாமியப் பிள்ளைகளும் எப்போதும் இருந்தார்கள். உங்கள் பக்கத்துப் பள்ளியில் இந்த விகிதம் தலைகீழாக இருக்கலாம். நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

மதம் இருக்கும். அதை மறைத்துச் சொல்வது உங்களுக்கு நன்மை செய்வதாகாது. வாசலில் மாதா கெபி, அதாவது மாதா சிலை வைத்த குகை போன்ற சிறு மாடம் இருக்கும், ஒவ்வொரு வகுப்பறையிலும் பாடுபட்ட சுரூபம், அதாவது சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவம் இருக்கும், நண்பகல் பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்தவுடன் ஆசிரியை சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு மூவேளை ஜெபம் சொல்வார். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று பல பிள்ளைகள் நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வருவார்கள். அக்டோபரில் ஜெபமாலை, முதல் வெள்ளிக்கிழமைகளில் பக்கத்துக் கோயிலில் திருப்பலி எனப்படும் பூசை என்று ஆண்டு முழுவதும் ஓர் ஒழுங்கு ஓடிக்கொண்டே இருக்கும். இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. ஆனால் அந்தப் பள்ளியில் நம்பிக்கை உண்மையில் எங்கே குடியிருந்தது என்று என்னைக் கேட்டால், தலைமையாசிரியை சிஸ்டரின் மேசை மேல் கிடந்த ஒரு நீளக் கோட்டு நோட்டைத்தான் காட்டுவேன்.

அதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் கருத்து நோட்டு. எதற்காக ஜெபிக்கிறோமோ அந்த வேண்டுதலைத்தான் நாங்கள் கருத்து என்போம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருவர் வாரம் முழுவதும் அதற்குப் பொறுப்பு. பள்ளிக்கு வந்ததும் யார் வேண்டுமானாலும் அந்தப் பிள்ளையிடம் போய்த் தன் வீட்டுக் கவலையைச் சொல்லலாம். அது நோட்டில் ஏறும். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, திருக்குறள், செய்தி வாசிப்பு எல்லாம் முடிந்த பிறகு, பொறுப்பில் இருக்கும் பிள்ளை நோட்டை விரித்து ஒவ்வொரு கருத்தையும் பெயர் சொல்லி வாசிக்கும். பாட்டிக்குக் கண் அறுவைச் சிகிச்சை, அப்பாவின் வள்ளம் கரை சேர வேண்டும், அண்ணனுக்கு வெளிநாட்டு வேலை கிடைக்க வேண்டும், நேற்று விழுந்து கையை உடைத்துக்கொண்ட மூன்றாம் வகுப்பு மாணவன் குணமாக வேண்டும் என்று அந்தப் பட்டியல் நீளும். பிறகு கத்தோலிக்கப் பிள்ளைகள் ஓர் 'அருள் நிறைந்த மரியே' சொல்வார்கள். மற்றவர்கள் கைகூப்பியோ கையைக் கட்டியோ அமைதியாக நிற்பார்கள். நோட்டில் பெயர் ஏறுவதற்கு மதம் எதுவும் தடையில்லை. ஒருநாள் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வந்து தங்கள் ஆடு இரண்டு நாளாய்த் தழை தின்னவில்லை என்று அழுதாள். பொறுப்பில் இருந்த பையன் சற்று யோசித்துவிட்டு, "ஆட்டுக்குப் பேரு என்ன?" என்று கேட்டான். அம்மு என்றாள். 'அம்மு, ஆடு, சாப்பிட வேண்டும்' என்று எழுதிக்கொண்டு, மற்றப் பெயர்களை வாசித்த அதே குரலில் அதையும் வாசித்தான். இருநூறு பிள்ளைகளில் ஒருவரும் சிரிக்கவில்லை. பெயர் சொல்லிக் கேட்கப்படும் எதையும் சிரிப்புக்கு உரியதாக அவர்கள் நினைக்கவில்லை என்பதை அன்றுதான் நான் கவனித்தேன்.

இது எங்கள் பள்ளி புதிதாகக் கண்டுபிடித்த பழக்கமும் அன்று. 1542-இல் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையான முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், தமிழில் பெயர்க்கப்பட்ட ஜெபங்களை முதலில் சிறுவர்களுக்குத்தான் கற்றுக்கொடுத்தார். நோயாளிகளின் வீடுகளிலிருந்து வந்த அழைப்புகளுக்கெல்லாம் தாம் ஒருவராகப் போய்ச்சேர முடியாததால், ஜெபங்களை அறிந்த சிறுவர்களைத் தமக்குப் பதிலாக அனுப்பிவைத்ததை 1544 ஜனவரியில் எழுதிய கடிதத்தில் அவரே விவரிக்கிறார். அதே ஆண்டின் இறுதியில் அவர் எங்கள் கடற்கரைக்கும் வந்தார். ஐந்து நூற்றாண்டுக்கு அருகில் ஆகிவிட்ட பிறகும், நோயுற்றவரின் பெயரைச் சொல்லி ஜெபிக்கும் பொறுப்பு இந்தக் கரையில் பிள்ளைகளிடமே இருப்பதை நினைக்கும்போது எனக்கு மெய்சிலிர்க்கும்.

ஜெபத்தோடு கையிலிருப்பதையும் கொடுக்க வேண்டும் என்பது இதன் மறுபாதி. திருப்பாலத்துவ சபை என்று ஓர் அமைப்பு உண்டு. பிரான்சில் நான்சி மறைமாவட்டத்தின் ஆயர் சார்லஸ் டி ஃபோர்பின் ஜான்சன் 1843-இல் தொடங்கியது. நாளுக்கு ஒரு மங்கள வார்த்தை ஜெபம் (அந்த 'அருள் நிறைந்த மரியே'தான்), மாதத்துக்கு ஒரு சிறு காசு, அவ்வளவுதான் பிள்ளைகளிடம் அது கேட்டது. ஒரு நாட்டுப் பிள்ளைகள் வேறொரு நாட்டுப் பிள்ளைகளுக்கு உதவ வேண்டும் என்பது அதன் நோக்கம். எங்கள் பள்ளியில் தவக்காலத்தின் நாற்பது நாளும் பிடி அரிசி சேர்ப்போம். வீட்டில் உலை வைக்கும்போது அம்மா அளந்த அரிசியிலிருந்து பிள்ளை தன் கையால் ஒரு பிடி எடுத்துத் தனியே வைத்து, வெள்ளிக்கிழமை பள்ளிக்குக் கொண்டுவர வேண்டும். புழுங்கலரிசி, பச்சரிசி, ரேஷன் அரிசி என்று எல்லாம் ஒரே பானையில் கலந்து கிடக்கும். அந்தக் கலப்பரிசியைச் சமைப்பது கடினம், சோறு ஒரு பக்கம் குழைந்து ஒரு பக்கம் வேகாமல் நிற்கும் என்பதால், முதியோர் இல்லத்துக்கு அனுப்பும் முன் நாங்கள் ஆசிரியைகள் உட்கார்ந்து முடிந்தவரை பிரித்துக் கட்டுவோம். இந்துப் பிள்ளைகளை நாங்கள் கேட்டதில்லை. தோழிகள் கொண்டுவருவதைப் பார்த்து அவர்களும் கொண்டுவந்தார்கள். ஓர் அம்மா மட்டும் வந்து, இது எதற்கு என்று விசாரித்தார். எந்த இல்லம் என்று சொன்னேன். அடுத்த வாரம் அவர் மகள் ஒரு படி அரிசியைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தாள். ஒரு பிடிதான் வாங்குவோம் என்று மீதியைத் திருப்பி அனுப்பினோம், ஏனெனில் அதிகம் கொண்டுவர முடியாத பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் அடித்தது. ஆழ்கடலுக்குப் போய் நாள்கணக்கில் தங்கித் தொழில் செய்கிறவர்களுக்கு எச்சரிக்கை போய்ச்சேரவில்லை. பள்ளி மறுபடி திறந்த அன்று கருத்து நோட்டின் நான்கு பக்கங்கள் நிரம்பியிருந்தன. அப்பா, சித்தப்பா, மாமா, தாத்தா என்று உறவும் பெயரும் மட்டும். என்ன வேண்டும் என்று ஒருவரும் எழுதவில்லை, எழுதத் தேவையும் இருக்கவில்லை. வாசித்து முடிக்கப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. அடுத்த நாள்களில் கரை திரும்பியவர்களின் பெயர்களை அந்தந்தப் பிள்ளைகளே வந்து கோடிட்டு அடித்தார்கள். கோடு விழாத பெயர்களைக் கிறிஸ்துமஸ் விடுமுறை வரை நாள்தோறும் வாசித்தோம். அந்த ஆண்டு பள்ளியில் குடில் வைத்தோம், விண்மீன் விளக்குத் தொங்கவிடவில்லை. விடுமுறைக்குப் பின் அந்தப் பெயர்களைத் தொடர்ந்து வாசிப்பதா, இறந்தோருக்கான ஜெபத்தில் சேர்ப்பதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. உடல் கிடைக்காதவர்களின் வீட்டில் அந்த மாற்றத்தை நாங்கள் எப்படி அறிவிப்பது? கடைசியில் சிஸ்டர் வீடு வீடாகப் போய் ஒவ்வொரு தாயிடமும் கேட்டு வந்தார். சில வீடுகளில் இன்னும் வேண்டாம் என்றார்கள். அவர்களுக்காக உயிரோடு இருப்போர் பட்டியலிலேயே அந்தப் பெயர்கள் அடுத்த கல்வியாண்டு வரை இருந்தன. இறையியல் படித்தவர்கள் இதைப் பற்றி என்ன சொல்வார்களோ, நான் வகுப்பறையிலிருந்து பார்த்தவள். அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

இனி உங்கள் தயக்கத்துக்கு வருகிறேன். அரசமைப்புச் சட்டத்தின் 30(1) உறுப்பு சிறுபான்மையினருக்குத் தங்கள் கல்வி நிறுவனங்களை அமைத்து நடத்தும் உரிமையைத் தருகிறது. அதே சட்டத்தின் 28(3) உறுப்பு, அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் நிறுவனத்தில் படிக்கும் எவரையும் அவருடைய இசைவு இல்லாமல், சிறுவராக இருந்தால் பாதுகாவலரின் இசைவு இல்லாமல், சமய போதனையிலோ வழிபாட்டிலோ பங்குகொள்ளும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. ஆகவே கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, அதாவது அவர்களுடைய சமய வகுப்பு நடக்கும் நேரத்தில் மற்றப் பிள்ளைகளுக்கு நீதிபோதனை வகுப்பு நடப்பதுதான் முறை. ஆனால் முறை என்று ஒன்று இருப்பதாலேயே அது நடந்துவிடுவதில்லை. நான் தொடக்கத்தில் வேலை பார்த்த வேறொரு பள்ளியில் மறைக்கல்வி நேரம் வந்ததும் இந்துப் பிள்ளைகளை மைதானத்தில் காகிதம் பொறுக்கவும் செடிக்குத் தண்ணீர் ஊற்றவும் அனுப்பிவிடுவார்கள். கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது. அவர்களைக் கவனிக்கத் தனியே ஓர் ஆசிரியை இல்லை, அவ்வளவுதான். ஆனால் உள்ளே தோழர்கள் கதை கேட்டுப் பாடிக்கொண்டிருக்கும்போது வெளியே குப்பை பொறுக்கும் பிள்ளை, தான் யார் என்று அந்தப் பள்ளி நினைக்கிறது என்பதை ஒரே வாரத்தில் தெரிந்துகொண்டுவிடும். அப்போது நான் புதிதாகச் சேர்ந்தவள்; வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் எனக்குப் பல ஆண்டுகள் உறுத்தியது. கடற்கரைப் பள்ளிக்கு மாறியபின் நீதிபோதனை வகுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். திருக்குறள், ஆத்திசூடி, நபிகள் நாயகத்தின் வாழ்க்கைச் சம்பவங்கள், நல்ல சமாரியர் உவமை எல்லாம் அதில் சொல்வேன்; மறைக்கல்வி வகுப்பிலிருந்து சில பிள்ளைகள் சன்னல் வழியாக எட்டிப்பார்ப்பார்கள்.

ஒதுக்கம் வேற்று மதத்தவரிடம் மட்டும் வருவதாக எண்ண வேண்டாம். இந்தப் பள்ளிகளில் பெரும்பாலும் பங்குத்தந்தைதான், அதாவது ஊர்க் கோயிலையும் அதன் மக்களையும் (பங்கு என்போம்) கவனிக்கும் குருதான் தாளாளர். ஆகவே பங்கில் நடக்கும் சண்டை பள்ளிக்குள் வராமல் இருக்காது. ஓர் ஆண்டு திருவிழாக் கணக்கு வழக்கில் ஊர் இரண்டாகப் பிரிந்தது. ஒரு தரப்பார் மூன்று வாரம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. அனுப்பத் தொடங்கிய பிறகும் பிள்ளைகள் வேறுவேறு பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள், கருத்து நோட்டில் ஒரு தரப்பின் வாரத்தில் மறுதரப்புப் பெயர் ஏறவில்லை. கேட்டால் "யாரும் சொல்லல்ல டீச்சர்" என்பார்கள். நம்பிக்கையும் ஊரும் ஒன்றாய்ப் பின்னிக்கிடப்பதால் வரும் பலம் ஒக்கி நாள்களில் தெரிந்ததென்றால், அதே பின்னலால் வரும் கேடு அப்போது தெரிந்தது. சிஸ்டர் யாரையும் கண்டிக்கவில்லை. வருகைப் பதிவேட்டை எடுத்துவந்து, அன்று பள்ளிக்கு வராத பிள்ளைகள் அத்தனை பேரின் பெயரையும், எந்தத் தரப்பாய் இருந்தாலும், நோட்டில் முதலில் எழுத வேண்டும் என்று விதி வைத்தார். ஊர் சமாதானமாக மேலும் ஓராண்டு பிடித்தது; பெஞ்சுகள் அரைப்பரீட்சைக்கு முன்பே கலந்துவிட்டன.

மற்றவை சுருக்கமாக. தொடக்கப் பள்ளி அரசு உதவி பெறுவதாக இருந்தால் ஆசிரியர் சம்பளம் அரசினுடையது. பாடநூல், சீருடை, மதிய உணவு இலவசம். காலை உணவுத் திட்டமும் 2024 ஜூலை 15 அன்று ஊரகப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது. அதை முதலமைச்சர் தொடங்கிவைத்த இடம் திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் உள்ள புனித அன்னாள் தொடக்கப் பள்ளி. வெறும் வயிற்றோடு வந்து காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்த பிள்ளைகளை முப்பது ஆண்டுகள் தாங்கிப் பிடித்தவள் என்ற முறையில் அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெயர் ஒன்றாக இருந்தாலும் கட்டணம் வாங்கும் ஆங்கிலவழிப் பள்ளிகளின் நடைமுறை வேறு. அவற்றில் நான் வேலை பார்த்ததில்லை.

சேர்க்கும் முன் ஒருநாள் காலையில் போய், காலைக் கூட்டம் முடியும் வரை வாசலருகே நின்று பாருங்கள். யாருக்காக ஜெபிக்கிறார்கள், பெயர்களை வாசிப்பது ஆசிரியையா பிள்ளையா, கிறிஸ்தவர் அல்லாத பிள்ளைகள் அப்போது எங்கே நிற்கிறார்கள் என்று கவனியுங்கள். பிறகு தலைமையாசிரியையிடம், "மறைக்கல்வி நேரத்தில் என் மகள் என்ன செய்வாள்?" என்று கேளுங்கள். வகுப்பின் பெயரையும் ஆசிரியையின் பெயரையும் சொன்னால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள். "வெளியே விளையாடிக்கொண்டிருப்பாள்" என்று பதில் வந்தால், அங்கேயே உட்கார்ந்து, நீதிபோதனை வகுப்பை யார் எடுக்கப்போகிறார் என்பதைப் பேசி முடித்துவிட்டு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுங்கள்.