கேள்வி பதில்: பிஎச்பியா, ரியாக்டா?

கேள்வி: கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் லேபில் பிஎச்பி மொழியும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸும்தான் இருக்கின்றன. சீனியர்களோ ரியாக்ட் படி, நோட்.ஜேஎஸ் படி என்கிறார்கள். லேபை மார்க்குக்காக மட்டும் முடித்துவிட்டு நானே ரியாக்ட் படிக்கலாமா?
– மாணவி, விருதுநகர்

பதில்: ரியாக்ட் தாராளமாகப் படியுங்கள், ஆனால் லேபை விட்டுவிட்டுப் போகாதீர்கள். பிஎச்பி 1995-ல் வெளிவந்த பழைய மொழி என்பது சரிதான், ரியாக்டுக்கு அடியில் இருக்கிற ஜாவாஸ்கிரிப்டும் அதே ஆண்டில் வந்ததுதான். விக்கிப்பீடியா இன்றைக்கும் பிஎச்பியில்தான் ஓடுகிறது. இரண்டையும் போட்டியாளர்களாகப் பார்ப்பதே தப்பு. ரியாக்ட் பெரும்பாலும் பிரவுசரில் திரையைப் பார்த்துக்கொள்கிறது, பிஎச்பி சர்வரில் இருந்து டேட்டாபேஸோடு பேசுகிறது.

எனக்குக் கவலை, லேபில் நடக்கிற விதம்தான். ஃபார்மில் பெயரை அடித்தால் 'வெல்கம்' என்று வருகிறது, அதை ரெக்கார்டில் ஒட்டிக் கையெழுத்து வாங்கியாகிவிட்டது, அடுத்த எக்ஸ்பெரிமென்ட். நடுவில் என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை. பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்கிற முறையான எச்டிடிபிக்கு ஞாபகசக்தி கிடையாது, நீங்கள் லாகின் செய்துவிட்டு அடுத்த லிங்கை அழுத்தினால் சர்வருக்கு நீங்கள் யாரோ ஒருவர்தான். அதற்காகத்தான் 1994-ல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனத்தில் லூ மான்டுல்லி, பிரவுசர் சேமித்துவைத்து ஒவ்வொரு முறையும் சர்வருக்குத் திருப்பிக் காட்டும் சின்னச் சீட்டான குக்கியைக் கொண்டுவந்தார். பிரவுசரில் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உங்கள் லாகின் ஃபார்மை அனுப்பிப் பாருங்கள்: எது போனது, எது திரும்பி வந்தது, உங்களை அடையாளம் காட்டும் செஷன் எண் எந்தக் குக்கியில் உட்கார்ந்திருக்கிறது என்று எல்லாம் தெரியும். அதில் உள்ள ஒவ்வொரு வரியும் ஏன் இருக்கிறது என்று சொல்ல வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

அப்புறம் சின்னதாக, முழுசாக ஒன்றைக் கட்டுங்கள். ஹாஸ்டல் அவுட்பாஸ் போதும். மாணவி விண்ணப்பிக்கிறார், வார்டன் சரி சொல்கிறார் அல்லது மறுக்கிறார். கட்டி முடித்ததும் நீங்களே அதை உடைக்கப் பாருங்கள். பிரவுசர் முகவரியில் கடைசியில் இருக்கும் பாஸ் எண்ணை, 41 என்றால் 42 என்று மாற்றினால் அடுத்தவருடைய அவுட்பாஸ் திறக்கிறதா? பெரும்பாலும் திறக்கும், ஏனென்றால் லாகின் ஆனாரா என்று மட்டும் பார்த்திருப்பீர்கள், இந்தப் பாஸ் இவருடையதுதானா என்று பார்த்திருக்க மாட்டீர்கள். வார்டனுக்கான பட்டனை மாணவியின் திரையில் மறைத்துவிட்டால் போதாது, அந்தக் கோரிக்கை எந்த வழியில் வந்தாலும் அனுப்பியது யார் என்று சர்வர் சோதிக்க வேண்டும்.

அடுத்து, பெயர் பெட்டியில் தூத்துக்குடிப் பக்கத்து டி'க்ரூஸ் என்ற பெயரை ஆங்கிலத்தில், நடுவில் இருக்கும் ஒற்றை மேற்கோளோடு அடியுங்கள். டேட்டாபேஸுக்கு அனுப்பும் எஸ்க்யூஎல் வரியில் பெயரை அப்படியே ஒட்டி எழுதியிருந்தால் அந்த ஒற்றைக் குறி வாக்கியத்தை அங்கேயே முடித்துவிடும், பிழை வரும். ஒரு நல்ல மனுஷருடைய பெயரே இதைச் செய்கிறதென்றால், கெட்ட எண்ணத்தோடு வருகிறவர் அதே ஓட்டை வழியாக டேபிளையே படித்துவிடலாம். எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன் என்பது இதுதான். டேட்டாபேஸோடு பேச பிஎச்பியில் இருக்கும் பிடிஓவில், கட்டளையையும் பெயரையும் தனித்தனியாக வைக்கும் பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்டைப் பயன்படுத்துங்கள். உங்கள் லேப் மேனுவலில் இன்னும் மைஎஸ்க்யூஎல்_கனெக்ட் என்ற பழைய இணைப்பு ஃபங்ஷன் இருந்தால் அதை அப்படியே அடிக்காதீர்கள், 2015-ல் வந்த பிஎச்பி 7-லேயே அதை எடுத்துவிட்டார்கள்.

இதெல்லாம் ஆன பிறகு அதே அவுட்பாஸுக்கு ரியாக்டில் முகப்பு போடுங்கள், சர்வர் முழு எச்டிஎம்எல் பக்கத்துக்குப் பதில் வெறும் தகவலை ஜேசன் (JSON) வடிவில் அனுப்பட்டும். எது மாறியது, எது மாறவில்லை என்று அப்போது கண்ணால் பார்ப்பீர்கள்.

கேள்வி: ஃபைனல் இயர் ப்ராஜெக்டை ப்ராஜெக்ட் சென்டரில் வாங்கிவிடலாம் என்று டீமில் மற்றவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். நான் மட்டும் வேண்டாம் என்கிறேன். என்ன செய்ய?
– மாணவர், நாமக்கல்

பதில்: உங்கள் பக்கம்தான் சரி, விட்டுக்கொடுக்காதீர்கள். பணம் போவதைவிட, இன்டர்வியூவில் இந்த டேபிளை ஏன் இரண்டாகப் பிரித்தீர்கள் என்று கேட்கும்போது வாய் திறக்க முடியாமல் போகிறதே, அதுதான் பெரிய நஷ்டம். ஆனால் 'வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் அவர்கள் பயம் போகாது. தலைப்பைச் சுருக்குங்கள். எட்டு மாட்யூல் எழுதியிருந்தால் மூன்றாக்கி, லாகினும் ஒரு ஃபார்மும் வேலை செய்கிற மாதிரி நீங்களே முதலில் செய்து காட்டுங்கள். ஓடுகிற ஒன்றைக் கண்ணில் பார்த்தால் பாதிப் பேர் உங்கள் பக்கம் வந்துவிடுவார்கள். கைடிடமும் சுருக்கிய தலைப்பை இப்போதே சொல்லிவிடுங்கள், கடைசி ரிவ்யூவில் சொன்னால் ஏற்க மாட்டார்.

கேள்வி: என் பிஎச்பி புரோகிராமில் தமிழ்ப் பெயர் அடித்தால் ????? என்று வருகிறது. ஆங்கிலம் சரியாக வருகிறது.
– மாணவி, தஞ்சாவூர்

பதில்: முதலில் டேபிளைத் திறந்து பாருங்கள். உள்ளேயே கேள்விக்குறிதான் இருக்கிறதென்றால் அந்தப் பெயர்கள் போனது போனதுதான், திரும்ப அடிக்க வேண்டும். பழைய மைஎஸ்க்யூஎல்லில், நாம் எதுவும் சொல்லாவிட்டால் எழுத்துகளைச் சேமிக்கும் முறை லத்தீன்1 என்றே எடுத்துக்கொள்ளும், அதில் தமிழுக்கு இடமில்லை. 2018-ல் வந்த 8.0-இல்தான், தமிழுக்கும் இடம் தரும் யூடிஎஃப்8எம்பி4 இயல்பானது. டேபிள், பிஎச்பி இணைப்பு இரண்டையும் யூடிஎஃப்8எம்பி4 ஆக்குங்கள், எச்டிஎம்எல் பக்கத்தில் யூடிஎஃப்-8 என்று சொல்லுங்கள். இணைப்பைத்தான் நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

பெயருக்கு நீள வரம்பு வைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். பிஎச்பியில் நீளம் பார்க்கும் ஸ்டிர்லென் எண்ணுவது எழுத்தை அல்ல, பைட்டை. 'தமிழ்' என்பதற்கு 15 சொல்லும், 'மீனாட்சிசுந்தரம்' என்பதற்கு 48. முப்பதுக்கு மேல் கூடாது என்று எழுதியிருந்தால் மீனாட்சிசுந்தரம் விண்ணப்பிக்கவே முடியாது. எம்பி_ஸ்டிர்லென் போடுங்கள், அது புள்ளி, கால், கொம்பு போன்ற குறிகளையும் தனியாக எண்ணி 16 என்று சொல்லும், முப்பதுக்குள் அடங்கிவிடும்.