பதில் சொல்பவன்

கேள்வி: பண்டைக் கிரேக்க நாடகம் எப்படித் தோன்றியது? நடிகர்கள் ஏன் முகமூடி போட்டுக்கொண்டார்கள்? சுற்றி வளைக்காமல் பதில் சொல்லவும்.
– கும்பகோணம் வாசகர் ஒருவர்

பதில்: ‘பதில் சொல்லவும்’ என்று முடித்தீர்கள் பாருங்கள், அங்கேதான் மாட்டிக்கொண்டீர்கள். கிரேக்கத்தில் நடிகனுக்குப் பெயரே ‘பதில் சொல்பவன்’தான். ஹுபோக்ரிடேஸ். (‘விளக்கிச் சொல்பவன்’ என்றுதான் பொருள் கொள்ள வேண்டும் என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. எனக்கு முதல் பொருள்தான் வசதி.)

ஆதியில் கோரஸ் மட்டும்தான். மதுவுக்கும் வெறிக்கும் கடவுளான டயோனிஸஸுக்கு ஏதென்ஸில் வசந்த காலத்தில் விழா எடுப்பார்கள். ஒரு கூட்டம் பாடும், ஆடும். அந்தக் கூட்டத்திலிருந்து தெஸ்பிஸ் என்ற மனுஷன் தனியாக விலகி நின்று, வேறொருவனாகப் பேச ஆரம்பித்தார் என்பது பரம்பரையாக வரும் கதை. கி.மு. 534 வாக்கில் விழாவில் போட்டி வைத்தபோது பரிசும் அவருக்குத்தான் என்கிறார்கள். கூட்டம் கேட்கும், தெஸ்பிஸ் பதில் சொல்வார். ஆக, உலகத்தின் முதல் கேள்வி-பதில் பகுதி அதுதான். தெஸ்பிஸுக்கு ‘சுற்றி வளைக்காமல்’ என்று யாரும் கார்டு எழுதிப் போட்டதாகத் தெரியவில்லை.

ஆனால் அவருக்கும் ஒரு வாசகர் கிடைத்தார், அதுவும் சாதாரண ஆள் இல்லை. ஏதென்ஸுக்குச் சட்டம் எழுதிய சோலோன். பழைய கிரேக்க எழுத்தாளர் புளூடார்க் சொல்லும் கதை இது. கிழவர் ஆட்டத்தை முழுக்க உட்கார்ந்து பார்த்தார். முடிந்ததும் தெஸ்பிஸைக் கூப்பிட்டு, இத்தனை பேர் முன்னால் இவ்வளவு பொய் சொல்கிறாயே, வெட்கமாக இல்லையா என்று கேட்டார். விளையாட்டுக்குத்தானே, அதில் என்ன தப்பு என்றார் தெஸ்பிஸ். சோலோன் கைத்தடியால் தரையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, இன்றைக்கு இந்த விளையாட்டைக் கொண்டாடினால் நாளைக்கு நம் ஒப்பந்தப் பத்திரங்களிலும் இதுவே வந்து உட்காரும் என்றாராம். வீடு வாங்கியவர்கள் யாராவது சோலோனோடு சண்டைக்குப் போவீர்களா?

‘ஹுபோக்ரிடேஸ்’ என்ற அந்தச் சொல்லும் அப்புறம் கெட்டுத்தான் போனது. கிரேக்க மொழியில் எழுதிய புதிய ஏற்பாட்டில், ‘மாயக்காரராகிய வேதபாரகரே, பரிசேயரே’ என்று தமிழில் வருகிற இடத்தில் இருப்பது இதே சொல்தான். அங்கே அதற்கு வெளிவேஷக்காரன் என்று அர்த்தம். ஆங்கிலத்து ‘ஹிப்போக்ரிட்’ அதன் பேரன். பதில் சொல்பவன் நடிகனாகி, நடிகன் வேஷக்காரனானான். இருபத்திரண்டு வருடமாக இந்தப் பக்கத்தில் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் என்னை இனி யாரும் தனியாகத் திட்டிக் கடிதம் எழுத வேண்டியதில்லை. கிரேக்க அகராதி ஏற்கெனவே திட்டிவிட்டது.

திட்டுவது என்றதும் பச்சை மைக்காரர் ஞாபகத்துக்கு வருகிறார். பழைய வாசகர்களுக்குத் தெரியும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மாதம் தவறாமல் நம் ஒற்றுப்பிழைகளை எண்ணி அனுப்புவார். ‘இளைஞர்களுக்கு வேலை கொடுங்கள்’ என்ற தலைப்பில் அச்சாகும்போது ஒரு ‘க்’ நுழைந்துவிட்டது. ‘வேலைக் கொடுங்கள்’! முருகனுடைய வேலைப் பிடுங்கி இளைஞர்கள் கையில் கொடுக்கச் சொல்கிறீரா என்று நான்கு பக்கம் எழுதினார். ஒரு புள்ளி எழுத்துக்கு இத்தனை ரகளையா என்று இங்கேயே எழுதி அவரோடு மல்லுக்கட்டினேன். இப்போது ஆயுதத்தைக் கீழே போடுகிறேன். காரணம், ஹெகெலோகஸ்.

கி.மு. 408. நாடகாசிரியர் யூரிபிடிஸின் ‘ஒரெஸ்டிஸ்’ அரங்கேறுகிறது. நாயகன் வேஷத்தில் ஹெகெலோகஸ் என்ற நடிகர். தாயைக் கொன்ற பாவத்தில் பித்துப் பிடித்தவன் தெளிகிற கட்டம். ‘அலைகளுக்குப் பிறகு மறுபடியும் அமைதியைக் காண்கிறேன்’ என்று சொல்ல வேண்டும். அமைதிக்கு அவர்கள் சொல் ‘கலேனா’. செய்யுளில் அடுத்த சொல்லோடு ஒட்டும்போது கடைசி ‘ஆ’ விழுந்து ‘கலேன்’ ஆகிவிடும். ஹெகெலோகஸுக்கு அந்த இடத்தில் மூச்சு முட்டியதோ என்னவோ, குரலின் ஏற்ற இறக்கம் ஒரு நூல் பிசகியது. ‘கலேன்’ வேறு சொல்லாகிப் போனது. எலி பிடிப்பதற்காக வீட்டில் வளர்ப்பார்களே, மரநாய் மாதிரி ஒரு பிராணி, அது. ‘அலைகளுக்குப் பிறகு மறுபடியும் மரநாயைக் காண்கிறேன்!’ சோக நாடகம் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். மூன்று வருடம் கழித்து அரிஸ்டாஃபனிஸ் ‘தவளைகள்’ நாடகத்தில் இதை இழுத்துவைத்துக் கிண்டல் செய்தார். மற்ற நகைச்சுவைக்காரர்களும் விடவில்லை. பாவம், அந்த மனுஷன் வாழ்நாளெல்லாம் எத்தனை வசனம் சரியாகப் பேசினாரோ! 2,400 வருடமாக மிச்சம் நிற்பது மரநாய் மட்டும். பச்சை மைக்காரரே, நீர் ஜெயித்தீர்.

நடிகர்கள் அரசியலுக்கு வந்தார்களா என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். வந்தார்கள். கி.மு. 346இல் மாசிடோனிய மன்னன் பிலிப்பிடம் ஏதென்ஸ் அனுப்பிய தூதுக் குழுவில் அரிஸ்டோடெமஸ் என்ற நடிகர் இருந்தார். முன்னாள் நடிகரான ஈஸ்கினிஸும் இருந்தார். ஈஸ்கினிஸுக்கு வெண்கலக் குரல். அவருடைய அரசியல் எதிரியான பேச்சாளர் டெமாஸ்தனிஸுக்கு அந்தக் குரலைப் பார்த்து எரிச்சல். சில்லறை வேஷம் போடும் மூன்றாம் நடிகன், ஊர் ஊராகப் போய் அத்திப்பழமும் திராட்சையும் பொறுக்கிய ஆள் என்று சபையிலேயே காய்ச்சினார். கடைசியில் ஈஸ்கினிஸ் வழக்கில் தோற்று ஏதென்ஸை விட்டே போக வேண்டியதாயிற்று. நம்மூர் வாசகர்களுக்கு இதற்கு மேல் நான் எதையும் விளக்கத் தேவையில்லை.

சரி, முகமூடி. தெஸ்பிஸ் காலத்தில் ஒரு நடிகர், நாடகாசிரியர் எஸ்கைலஸ் இரண்டாக்கினார், அவருக்குப் பின் வந்த சோஃபக்ளிஸ் மூன்றாக்கினார். அதோடு நின்றுபோயிற்று. எல்லாரும் ஆண்கள். அக்ரோபோலிஸ் சரிவில் ஆயிரக்கணக்கான பேர் உட்கார்ந்திருக்க, மேல் வரிசைக்காரனுக்கு நடிகனின் மூக்கு கூடத் தெரியாது. துணியைப் பிசினில் விறைப்பாக்கிச் செய்த முகமூடியின் பெரிய வாயும் குரலும்தான் கணக்கு. சோஃபக்ளிஸின் ‘ஓடிபஸ் மன்ன’னில் பேசும் பாத்திரங்கள் எட்டு, நடிக்க இருப்பது மூன்று பேர். ராணி யொகாஸ்டா கதறிவிட்டு உள்ளே போகிறாள். கொஞ்ச நேரத்தில் ஒரு வேலையாள் ஓடிவந்து, ராணி தூக்கில் தொங்கிவிட்டாள் என்று விவரமாகச் சொல்கிறான். உள்ளே போய் முகமூடியை மாற்றிக்கொண்டு வந்து தன் சாவைத் தானே சொன்னது அதே நடிகராகவும் இருக்கலாம்.