பால்வாடியில் சேர்த்ததிலிருந்து குழந்தைக்கு ஓயாத சளி, நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம். நீங்கள் வேலைக்குப் போகும் அம்மாவாக இருப்பீர்கள், "அங்கே அனுப்பினதாலதான்" என்று வீட்டில் தினமும் காதில் விழும் என்று நினைக்கிறேன். சின்னக் குழந்தைக்கு வருடத்தில் 6 முதல் 8 தடவை சளி பிடிப்பது சாதாரணம். உங்கள் வளர்ப்பில் குறை இல்லை.

ஆனால் வீட்டில் கைக்குழந்தையும் இருந்தால் கவனம் வேண்டும். நாங்கள் ஏற்காட்டில் இருக்கிறோம். பெரியவன் பள்ளியிலிருந்து மூக்கொழுகலோடு வந்தான், சீக்கிரமே தேறிவிட்டான். தொட்டிலில் கிடந்த பாப்பாவுக்குத் தொற்றிக்கொண்டது. காய்ச்சல் பெரிதாக இல்லை. பால் குடிக்க வாய் வைப்பாள், மூச்சு வாங்கும், விட்டுவிடுவாள். விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. அத்தை சாம்பிராணி போடச் சொன்னார்கள். பாசத்தில் சொன்னதுதான், ஆனால் இரைக்கிற பிள்ளைக்குப் புகை கூடாது என்று மறுத்துவிட்டு சேலத்துக்குக் கிளம்பினோம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. 20 கொண்டை ஊசி வளைவிலும் சுற்றுலா வண்டிகள். வளைவிலேயே காரை நிறுத்தி செல்ஃபி, குரங்குக்கு சிப்ஸ். ஹாரன் அடித்தால் முறைக்கிறார்கள். இந்த மலையில் ஜனங்கள் குடியிருக்கிறோம், எங்களுக்கும் அவசரம் வரும் என்று யாருக்காவது தோன்றுகிறதா? இதைச் சொன்னால் "டூரிஸ்ட் வராவிட்டால் உங்களுக்கு ஏது பிழைப்பு" என்பார்கள். வரட்டும், ஓரமாக நிறுத்தட்டும்.

சேலத்தில் டாக்டர், நுரையீரலின் சின்னக் குழாய்கள் வீங்கியிருக்கின்றன, ஆர்எஸ்வி வைரஸாக இருக்கும் என்றார். ஆக்சிஜன் வைத்தார்கள், மூக்கில் உப்புநீர் சொட்டு விட்டார்கள், பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார்கள். "ஆன்டிபயாடிக்கூடத் தரலையா?" என்று சொந்தக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். வைரஸுக்கு அது வேலை செய்யாது. பாப்பா தேறி வந்தாள்.

2025 ஜனவரியில் சேலத்தில் ஒருவருக்கு எச்எம்பிவி என்றதும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே பீதி. அதுவும் சளி, இருமல் கொண்டுவரும் ஒரு வைரஸ்தான், 2001லேயே கண்டுபிடித்தது. இரண்டு வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைக்கும் வந்துபோகிற ஆர்எஸ்வியைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. 2019ல் மட்டும் உலகம் முழுக்க ஐந்து வயதுக்குட்பட்ட ஒரு லட்சம் குழந்தைகளுக்கு மேல் அதனால் இறந்தார்கள் என்பது மதிப்பீடு. பெரும்பாலும் நம்மைப் போன்ற நாடுகளில்தான்.

"நீ என்ன டாக்டரா?" என்று கேட்கப்போகிறவர்களுக்கு: இல்லை. மருந்து எதுவும் சொல்லவில்லை, மூச்சை எண்ணத்தான் சொல்கிறேன். குழந்தை அழாமல் இருக்கும்போது முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40. இந்த அளவைத் தொட்டாலோ, பால் குடிக்க முடியாவிட்டாலோ, நெஞ்சு உள்ளே இழுத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அப்புறம், பெரிய பிள்ளை வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே சின்னதைத் தொடட்டும்.