கவனத்தைக் கூட்ட மாத்திரை சாப்பிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 28. ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே சி.ஏ. இறுதித் தேர்வுக்குப் படிக்கிறேன். இரவு 1 மணிக்குப் படுத்து 6 மணிக்கு எழுந்துவிடுவேன். மதியத்துக்கு மேல் ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்தாலும் மனதில் ஏறுவதில்லை. தினமும் ஐந்தாறு காபி ஆகிவிடுகிறது. கவனத்தைக் கூட்ட ஒரு மாத்திரை இருப்பதாகத் தோழி சொல்கிறாள். சாப்பிடலாமா?
- வாசகி, ஈரோடு

பதில்: வேண்டாம் அம்மா. மெத்தில்ஃபெனிடேட் போன்ற மாத்திரைகள் ஏ.டி.எச்.டி. என்ற கவனக்குறைபாடு உள்ளவர்களுக்கு மருத்துவர் பரிசோதித்துத் தருபவை. அவை இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் கூட்டும். இருக்கிற தூக்கத்தையும் கெடுக்கும்.

உங்களுக்குக் குறைவது தூக்கம் என்றே நினைக்கிறேன். பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரம் தேவை. விழித்திருக்கும்போதெல்லாம் மூளையில் அடினோசின் என்ற ரசாயனம் சேர்ந்துகொண்டே போகிறது. அதனால்தான் அசதி தட்டுகிறது. காபியில் உள்ள காஃபின் அதன் வேலையைத் தடுத்துவைக்குமே தவிர, அதை அகற்றாது. தூங்கினால்தான் அது குறையும். குடித்த காஃபினில் பாதி வெளியேறவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக் காபி, படுக்கும்போதும் உடலில் மிச்சமிருக்கும். படித்தது நினைவில் நிலைப்பதற்கும் தூக்கம் வேண்டும். நள்ளிரவுக்கு மேல் நீங்கள் படிக்கும் அந்த ஒரு மணி நேரம், உண்மையில் உங்களுக்கு நஷ்டம்.

11 மணிக்குப் படுத்துவிடுங்கள். மதியம் 2 மணிக்குப் பிறகு காபி வேண்டாம். ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரலாம்; சில நாட்களுக்கு ஒரு காபி வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள். கடினமான பாடத்தைக் காலையில் படியுங்கள், செல்போன் வேறு அறையில் இருக்கட்டும். மதியம் கண் சொருகினால் 20 நிமிடம் தூங்கலாம். அதற்கு மேல் போனால் மந்தம் தட்டும்.

ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. அதுவும் இதே மந்தத்தைத் தரும். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் சிகிச்சை தேவை. ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது), வைட்டமின் பி12, தைராய்டுக்கான டி.எஸ்.எச். மூன்றையும் சேர்த்தே பாருங்கள். சாப்பாட்டோடு குடிக்கும் காபி, உணவிலுள்ள இரும்புச்சத்தை உடலில் சரியாகச் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

மூன்று வாரம் ஒழுங்காகத் தூங்கியும் மாற்றமில்லை என்றாலோ, எதிலும் பிடிப்பில்லாத மனச்சோர்வு இருந்தாலோ மருத்துவரை நேரில் பாருங்கள். சிறுவயதிலிருந்தே கவனம் சிதறுமென்றால் அதையும் அவரிடம் சொல்லுங்கள்.